பனிப்புயல் வாரத்துக்கு கோலிப்ரி: எது ஓடும், எது படுக்கும்

வீட்டில் வைத்துப் பாடம் நடத்துகிறவர்களுக்குப் பனி விடுமுறையே கிடையாது என்பார்கள். பாதிதான் உண்மை. பள்ளிப் பேருந்து ஓடாததால் அவர்களுக்கு நஷ்டமில்லை. ஆனால் உறைமழை கம்பியில் படிந்து ஒரு கிளையும் முறிந்து விழுந்தால் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். கணக்கு வீடியோ ஒரு தளத்தில், பயிற்சி இன்னொன்றில், அட்டவணை கூகுள் டிரைவில் என்று இருக்கிற வீட்டில் அன்றைக்கு மிஞ்சுவது கதைப் புத்தகமும் சீட்டுக்கட்டும்தான். இந்த ஓட்டையை அடைக்க இலவசமாகக் கிடைப்பவற்றில் உருப்படியானது கோலிப்ரி. மற்றவை பெரும்பாலும் பி.டி.எஃப் மூட்டைகள்.

லர்னிங் ஈக்வாலிட்டி என்ற லாப நோக்கற்ற அமைப்பின் மென்பொருள் இது. கான் அகாடமி என்ற இலவசப் பாடத் தளத்தின் பாடங்களை நெட் இல்லாமல் ஓட்ட 2012-இல் கே.ஏ. லைட் என்று ஒன்றை வெளியிட்டார்கள். அதன் வாரிசுதான் கோலிப்ரி. ஒரு கணினியில் நிறுவிப் பாடங்களை இறக்கிவிட்டால் அது வீட்டுக்குள் ஒரு குட்டி சர்வராகிவிடும். பிள்ளைகளின் டேப்லெட்டில் எதையும் நிறுவ வேண்டாம். அதே வைஃபையில் இருந்து பிரவுசரில் அந்தக் கணினியின் ஐ.பி. எண்ணையும் (வீட்டு நெட்வொர்க்கில் அதன் முகவரி) 8080 என்ற போர்ட்டையும் (அந்த முகவரியில் கோலிப்ரியின் கதவு எண்) அடித்தால் போதும். விண்டோஸில் நிறுவியவர்களுக்கு முதல் நாளே வரும் தொல்லை ஒன்று உண்டு: சர்வர் கணினியில் எல்லாம் திறக்கும், டேப்லெட்டில் திறக்காது. குற்றவாளி ஃபயர்வால், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்பைத் தடுக்கும் விண்டோஸ் காவலாளி. கோலிப்ரிக்கு உள் நெட்வொர்க்கில் அனுமதி கொடுத்தால் தீரும்.

பாடங்கள் சேனல் சேனலாக வருகின்றன. கான் அகாடமி, சி.கே. 12, ஃபெட் அறிவியல் சிமுலேஷன்கள், கதைகளுக்கு ஸ்டோரிவீவர் (தமிழ்க் கதைகளும் இருக்கின்றன). சேனல் முழுவதையும் இறக்க வேண்டும் என்ற ஆசையே முதல் தப்பு. கான் அகாடமியின் ஆங்கிலச் சேனல் ஒன்றே பல பத்து ஜி.பி. பிடிக்கும். நொடிக்கு 10 மெகாபிட் வேக இணைப்பில் 20 ஜி.பி. இறங்க நாலரை மணி நேரம் ஆகும்; புயல் எச்சரிக்கை வந்த அன்று மாலை தொடங்கினால் பாதியில் லைன் போய்விடும். அடுத்த மூன்று வாரங்களுக்கு அந்தந்தப் பிள்ளைக்கு வேண்டிய தலைப்புகளை மட்டும் டிக் செய்து இறக்குங்கள். இன்னொன்று: தொடக்க அமைப்பில் எல்லாமே பயனரின் ஹோம் ஃபோல்டருக்குள்தான் போய் உட்காரும். 32 ஜி.பி. மெமரி கார்டு வைத்திருப்பவர்கள் டிவைஸ் பக்கத்தில் சேமிப்பிடத்தை வெளி டிரைவுக்கு மாற்றிய பிறகே இறக்கத் தொடங்க வேண்டும்.

இதன் உண்மையான பலம் வீடியோ அல்ல, கோச் பக்கம். அப்பாவோ அம்மாவோ கோச்சாக நுழைந்து, பத்து வயதுக்காரிக்குப் பின்னம், பதின்மூன்று வயதுக்காரனுக்கு இயற்கணிதம் என்று தனித்தனி லெஸன் கட்டிக் கொடுக்கலாம். வினாடிவினா வைத்தால் எந்தக் கேள்வியில் தடுமாறினார்கள் என்பது வரிவரியாகத் தெரியும். மூன்று பிள்ளைகள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது இது பெரிய உபகாரம். சின்னப் பிள்ளைகளுக்குப் பாஸ்வேர்டு இல்லாமல் நுழையும்படி ஃபெஸிலிட்டி (கோலிப்ரியில் உங்கள் வீட்டுப் பள்ளிக்கான பகுதி) அமைப்பில் மாற்றிவிடலாம். ஆனால் சூப்பர் அட்மின் (எல்லா அதிகாரமும் உள்ள தலைமைக் கணக்கு) பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். மறந்தால் மின்னஞ்சலில் மீட்கும் வழி கிடையாது, கமாண்ட் லைனில் (கட்டளையைத் தட்டச்சு செய்யும் திரையில்) போய்த்தான் மாற்ற வேண்டும். அதற்கான விளக்கத்தை நெட் இல்லாத நாளில் எங்கே போய்ப் படிப்பது?

எதில் ஓட்டுவது என்பதுதான் அடுத்த கேள்வி. எல்லோரும் ராஸ்ப்பெரி பை என்ற குட்டிக் கணினியைச் சொல்வார்கள் (இனி சுருக்கமாக 'பை'). மின்சாரக் கணக்குப்படி அது சரிதான். பை 4 வைஃபை ஹாட்ஸ்பாட்டையும் தானே நடத்திக்கொண்டு ஏறத்தாழ 4 முதல் 5 வாட் எடுக்கும், அதனால் தனி ரவுட்டர் வேண்டாம். 20,000 எம்.ஏ.ஹெச் பவர் பேங்க் என்றால் உள்ளே இருப்பது 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட் அவர் (வாட்டை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு). மாற்றத்தில் 15 சதவீதம் போனாலும் 63 நிற்கும். தினம் நாலு மணி நேரம் வகுப்பு என்றால் மூன்று நாள் தாராளம். ஆனால் அதே பவர் பேங்கில் டேப்லெட்டையும் செருகினால் கணக்கு உதைக்கும். ஒரு டேப்லெட்டை முழுதாக ஏற்றவே 30 வாட் அவருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். சர்வர் சாப்பிடுவது கொசுறு, திரைதான் பந்தியில் உட்காருகிறது. சர்வருக்கு ஒரு பேங்க், டேப்லெட்டுகளுக்கு வேறு பேங்க், திரை வெளிச்சம் பாதி என்று பிரித்துக்கொள்வது நல்லது.

பையில் மூன்று பொறிகள் இருக்கின்றன. ஒன்று கேபிள். மெல்லிய கேபிளில் வோல்டேஜ் இறங்கும், திரை மூலையில் சின்ன மின்னல் சின்னம் மின்னும், அப்புறம் காரணம் தெரியாமல் ரீஸ்டார்ட் ஆகும். 5 வோல்ட் 3 ஆம்பியர் தாங்கும் குட்டையான கேபிள் போடுங்கள். இரண்டாவது, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பவர் பேங்கிலிருந்தே பையை ஓட்டுவது. கரண்ட் வந்து போகும் அந்தக் கணத்தில் பல பேங்குகள் ஒரு நொடி வெளியீட்டை வெட்டிவிடும். கோலிப்ரி தன் கணக்குகளை எஸ்.க்யூ.லைட் என்ற தரவுத்தளக் கோப்பில் எழுதுகிறது. எழுதும்போது கரண்ட் வெட்டினால் மெமரி கார்டோடு சேர்ந்து அதுவும் கெடலாம். வகுப்பு முடிந்ததும் வயரைப் பிடுங்காமல் முறையாக ஷட் டவுன் செய்யச் சொல்வது இதனால்தான்.

மூன்றாவதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: கடிகாரம். பை 4-இல் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. நேரத்தை நெட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளும். நெட் இல்லாத வீட்டில் செவ்வாய் மாலை நிறுத்தி புதன் காலை போட்டால், அதன் கணக்கில் இன்னும் செவ்வாய் மாலைதான். பிள்ளை படித்த நேரம், வினாடிவினா முடித்த தேதி எல்லாம் தப்பாகப் பதிவாகும். படிப்பு மணிநேரத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர்களுக்கு இது தலைவலி. டி.எஸ். 3231 என்ற சின்னக் கடிகாரப் பலகையை மாட்டினால் சரியாகும். பை 5-இல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, ஆனால் அதற்கான பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும்.

இத்தனையும் பார்த்தால், அலமாரியில் தூங்கும் பழைய லேப்டாப்பே மேல் என்று சொல்லத் தோன்றுகிறது. கடிகாரம் இருக்கிறது, பேட்டரி உள்ளேயே இருக்கிறது, கரண்ட் போனாலும் அது விழாது. மின்சாரம் பையைவிட அதிகமாகத் தின்னும், அவ்வளவுதான். மூடியை மூடினால் தூங்கிவிடும் அமைப்பை மட்டும் மாற்றிவிடுங்கள்; இல்லாவிட்டால் யாரோ ஒருவர் மேசையைத் துடைக்க மூடியைச் சாத்துவார், மூன்று வகுப்பும் ஒரே நேரத்தில் நிற்கும்.

கோலிப்ரி கலைக்களஞ்சியம் அல்ல. "பென்குயினுக்கு ஏன் குளிராது?" என்று கேட்கும் பிள்ளைக்கு கிவிக்ஸ் வேண்டும். அதுவும் இலவசம், விக்கிப்பீடியாவை ஜிம் (ZIM) என்ற வடிவில் ஒரே கோப்பாகத் தரும். படங்களோடு முழு ஆங்கில விக்கிப்பீடியா 100 ஜி.பி. அளவு, தமிழ் விக்கிப்பீடியா அதில் சின்னப் பங்குதான். கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டினால் ஃபாட் 32 என்ற பழைய வடிவமைப்பில் உள்ள டிரைவில் ஏறாது. டிரைவை எக்ஸ்ஃபாட்டாக மாற்றி வையுங்கள்.

குறைகளும் சொல்ல வேண்டும். எழுத்துப் பயிற்சிக்கு கோலிப்ரி உதவாது; கட்டுரை, கையெழுத்து, வரைபடம் எல்லாம் நோட்டில்தான். ஏழு வயதுக்குக் கீழே இதற்காக மெனக்கெட வேண்டாம். சொந்தப் பாடங்களைச் சேர்க்க கோலிப்ரி ஸ்டுடியோ என்ற தளத்தில் ஏற்றி, அங்கிருந்து இறக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே ஒரு பி.டி.எஃபைத் தூக்கிப் போட நேர்வழி இல்லை என்பது எரிச்சல்தான்.

குளிர் தொடர்பாக இரண்டு எச்சரிக்கை. காரிலோ கராஜிலோ கிடந்து உறைந்த பவர் பேங்கை அப்படியே சார்ஜ் போடாதீர்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் செல்லுக்குள் உலோகமாகப் படிந்து, செல் நிரந்தரமாகக் கெடும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு செருகுங்கள். கார் எஞ்ஜினை ஓட்டி டேப்லெட் சார்ஜ் செய்வதானால் கராஜுக்குள் வேண்டவே வேண்டாம். வெளியே என்றாலும் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது.

நிறுவி முடித்ததும் ஒரு சாதாரண நாளில் ரவுட்டருக்கு வரும் நெட் வயரைப் பிடுங்கிவிட்டு அரை மணி வகுப்பு நடத்திப் பாருங்கள். பெரும்பாலும் மாட்டுவது ஆண்ட்ராய்டு டேப்லெட்தான். "இந்த வைஃபையில் இணையம் இல்லை" என்று சொல்லிவிட்டு, சிம் இருந்தால் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவும், கோலிப்ரி பக்கம் திறக்காது. அந்தச் செய்தியில் இணைப்பிலேயே இருக்கும்படி தேர்ந்தெடுத்து, மொபைல் டேட்டாவை அணைத்து வைத்தால் திறந்துவிடும்.