பிபிஎல் தியரிக்கு எஃப்ஏஏ-வோட இலவச புக்கு எப்படி?

அமெரிக்கால பிரைவேட் பைலட் லைசென்ஸ் எடுக்கப் போறேன்னு வாயத் தொறந்தாலே ஆளாளுக்கு ஒரு ஆன்லைன் கோர்ஸ் சொல்லுவாங்க, எல்லாமே நூத்துக்கணக்குல டாலர். அதுக்கு முன்னாடி எஃப்ஏஏ (அமெரிக்க விமானத்துறை அமைப்பு) சைட்ல இருக்கற பைலட்ஸ் ஹேண்ட்புக் ஆஃப் ஏரோநாட்டிகல் நாலெட்ஜ டவுன்லோட் பண்ணிப் பாருங்க, பைசா செலவில்ல. 17 சாப்டர், 2023ல புது எடிஷன் வந்துச்சு, பழச யாராவது ஓசில குடுத்தா அத வச்சு ஓட்டாதீங்க.

ஏரோடைனமிக்ஸ் பகுதி செம. 60 டிகிரி பேங்க்ல (பிளேன ஒரு பக்கமா சாய்க்கறது) உயரம் குறையாம திரும்பினா லோட் ஃபேக்டர் (இறக்கை தாங்கற பாரம், எடையோட எத்தனை மடங்குன்னு) 2 ஆயிடும், ஸ்டால் ஸ்பீடு (இதுக்குக் கீழ போனா இறக்கை தூக்காது) 40 சதவீதம் கிட்ட ஏறும், இத ஒரே கிராஃப்ல காட்டிருப்பாங்க, லேண்டிங்குக்கு தாழ்வா வரும்போது இன்ஸ்ட்ரக்டர் ஏன் "ஸ்டீப்பா திருப்பாத"ன்னு கத்துறார்னு அப்பதான் உறைக்கும். இன்ஸ்ட்ருமென்ட் சாப்டரும் அப்படித்தான், ஸ்டாட்டிக் போர்ட் (வெளிக்காத்து அழுத்தத்த எடுக்கற ஓட்டை) அடைச்சா ஆல்டிமீட்டர் (உயரம் காட்டற மீட்டர்) அதே உயரத்துலயே நின்னுடும்னு படத்தோட சொல்றது மறக்கவே மறக்காது.

ஏர்ஸ்பேஸ் சாப்டர் மட்டும் வறட்டு வறட்டுன்னு இருக்கு. செக்‌ஷனல் சார்ட்ட (பைலட்டுங்க வச்சுக்கற மேப்) பக்கத்துல விரிச்சு வச்சுக்கிட்டா தப்பிச்சோம், இல்லன்னா கிளாஸ் ஈ (ஏர்ஸ்பேஸ் வகைகள்ல ஒண்ணு) 700 அடில ஆரம்பிக்குதா 1200லயான்னு தலை சுத்தும். பிரிண்ட் எடுக்கறவங்க கலர்ல எடுங்க, மெஜந்தாவும் நீலமும் ஒரே சாம்பலாயிட்டா அந்தப் படமெல்லாம் வேஸ்ட்.

ஆனா பரீட்சைக்கு இது மட்டும் பத்தாது. 60 கேள்வி, ரெண்டு மணி நேரம், 70 சதவீதம் எடுத்தா பாஸ், ரூல்ஸ் கேள்விக்கு பார்ட் 61 (லைசென்ஸ் விதிகள்), பார்ட் 91 (பறக்கற விதிகள்) தனியா படிக்கணும் (அதுவும் நெட்ல ஃப்ரீதான்). காசு போடணும்னா ஒரு நல்ல கொஸ்டின் பேங்க்குக்கு போடுங்க, டேக்-ஆஃப் டிஸ்டன்ஸ் கிராஃப் மாதிரி விஷயமெல்லாம் போட்டுப் போட்டுப் பாத்தாதான் கை வரும். அதுக்காக விடைய மட்டும் மனப்பாடம் பண்றது வேலைக்காகாது, தப்பா போட்ட கேள்வியோட டாபிக் கோடு ரிசல்ட் ஷீட்லயே வரும், செக்ரைடு (கடைசியா வர்ற பறக்கற டெஸ்ட்) ஓரல்ல எக்ஸாமினர் அதத்தான் நோண்டுவார்.

நான் வாங்கின வீடியோ கோர்ஸ் (பேர் வேணாம்) பாதி இதே புக்கோட படங்கள்தான், நடுநடுல மொக்க ஜோக்கு வேற. இன்ஸ்ட்ரக்டர் இன்னும் கிடைக்காதவங்களுக்கு ஒரு பிரயோஜனம் உண்டு, பரீட்சை எழுத தேவையான என்டார்ஸ்மென்ட்ட (இவர் பரீட்சைக்கு ரெடின்னு குடுக்கற கையெழுத்து) சில கோர்ஸ்காரங்களே குடுத்துடுவாங்க. இன்ஸ்ட்ரக்டர் இருக்கறவங்க அந்தக் காச பெட்ரோலுக்கு வச்சுக்கலாம்.