ஃப்ரீக்வென்சி ஷிஃப்டரோடு ஆறு வருடம்: பட்டிமன்றத்துக்கு வரம், கச்சேரிக்கு வேண்டாம்

எங்கள் ஊர் அரங்கில் மைக் செட் பார்ப்பது நான்தான். கருங்கல் தரை, வெறும் சுவர், கை தட்டினால் சத்தம் அடங்க ஏறக்குறைய 2 நொடி ஆகும். அங்கே பட்டிமன்றம் வைத்தால் மேசைமேல் ஆறு மைக், பேசுகிறவர்களில் பாதிப் பேர் மைக்குக்கு ஒரு முழம் தள்ளி நிற்பார்கள், பின்வரிசையிலிருந்து "கேக்கலை" என்று குரல் வரும், ஒலி அளவைக் கூட்டும் ஃபேடரை ஏற்றினால் கூ என்று ஊளை. அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் இக்யூவில் ஊளையிடும் அதிர்வெண்ணை வெட்டினால் வேறொரு அதிர்வெண்ணில் கிளம்பும். இதற்காகத்தான் ஃப்ரீக்வென்சி ஷிஃப்டர், அதாவது ஒலியின் அதிர்வெண்ணைச் சில ஹெர்ட்ஸ் நகர்த்தும் வசதி, உள்ள டிஜிட்டல் பெட்டி ஒன்றை வாங்கி மைக் குரூப்பில் போட்டேன்.

இதைச் சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் ஷிஃப்டர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பிட்ச் மாற்றினால் 200, 400, 600 ஹெர்ட்ஸ் எல்லாம் ஒரே விகிதத்தில் பெருகும், உறவு கெடாது. இங்கே எல்லாவற்றோடும் ஒரே எண்ணைக் கூட்டுகிறோம்: 5 ஹெர்ட்ஸ் வைத்தால் 205, 405, 605. ஊளை நிற்பதும் இதனால்தான். ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்குத் திரும்பும் ஒலி ஒவ்வொரு சுற்றிலும் 5 ஹெர்ட்ஸ் தள்ளிப் போவதால், அரங்கு தூக்கிக் கொடுக்கும் ஒரே இடத்தில் அது உட்கார்ந்து வளர முடிவதில்லை. பெல் ஆய்வகத்தில் இருந்த மன்ஃப்ரெட் ஷ்ரோடர் 1960களிலேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார். அவர் கணக்குப்படி எதிரொலி நீண்ட அரங்குக்குச் சின்ன நகர்வே போதும். நானும் 5-இல் தொடங்கி இப்போது 3-இல்தான் வைத்திருக்கிறேன். ஊளை வருவதற்கு முன் 4 டெசிபல் வரை கூடுதலாக ஏற்ற முடிகிறது, பின்வரிசைக்கு அது பெரிய வித்தியாசம். பேச்சில் யாருக்கும் மாற்றம் தெரிவதில்லை. அளவு மீறி ஏற்றினால் மட்டும் பழைய ஊளைக்குப் பதிலாக மேலே மேலே வழுக்கிப் போகிற ஒரு சிலிர்ப்புச் சத்தம் வரும், அதைக் கேட்டதும் ஃபேடரை இறக்கிவிட வேண்டும்.

அப்புறம் கச்சேரி. முதல் வருடம் பெட்டியை அப்படியே விட்டுவிட்டேன், அப்போது 5 ஹெர்ட்ஸ். பாடகருக்கு 1 கட்டை, அதாவது ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கரில் அது 136 ஆகிறது, 139 வந்தாலே அடுத்த சுருதியான ஒன்றரைக் கட்டை! மேலே 2000 ஹெர்ட்ஸில் 5 கூடினால் காதுக்கு ஒன்றுமே இல்லை, கீழ் சுரங்கள்தான் அடிபடுகின்றன. அதோடு பாடகரின் சொந்தக் குரலும், அவர் கேட்பதற்காக மேடையில் வைக்கும் ஸ்பீக்கரான மானிட்டரில் வரும் குரலும் சேர்ந்து நொடிக்கு ஐந்து தடவை விம்முகின்றன. இரண்டாவது உருப்படியிலேயே அவர் திரும்பி "சுருதி ஆடுதே தம்பி" என்றார். உடனே ஒலி ஷிஃப்டர் வழியாகப் போகாதபடி பைபாஸ் செய்தேன். ஒருவருடைய சுருதியில் நம் பெட்டி கை வைப்பது தப்பு, அன்றிலிருந்து கச்சேரிக்கு அதைத் தொட்டதே இல்லை. மானிட்டரை இடம் மாற்றி, மைக்கை வாய்க்கு நெருக்கமாக வைத்தே சமாளிக்கிறேன்.

வாங்கப் போகிறவர்கள் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். உள்ளே ஹில்பர்ட் மாற்றம் என்ற கணக்கு ஒலியை 90 பாகை விலகிய இரண்டு பிரதிகளாக்கி, சைன், கொசைன் அலைகளால் பெருக்கிக் கழிக்கிறது. அந்த 90 பாகை சரியாக அமையாவிட்டால் 200 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 205-ஓடு 195-உம் கசிந்து, குரல் நொடிக்கு 10 தடவை நடுங்கும். ஆழமான குரல்களில்தான் இது முதலில் தெரியும். நான் ஆரம்பத்தில் முயன்ற, கணினியில் ஓடும் இலவச பிளகின் மென்பொருள் ஒன்றில் இதே கோளாறு. 100 ஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்துக் கேளுங்கள், சீராக ஒலித்தால் சரி, நடுங்கினால் வேண்டாம்.

இன்னொன்று, விழாவைப் பதிவு செய்கிறீர்கள் என்றால் ஷிஃப்டருக்கு முன்னாலிருந்தே வயரை எடுங்கள். பட்டிமன்றத்தில்கூட நடுவில் யாராவது எழுந்து ஒரு விருத்தம் பாடிவிடுவார்கள்.