ஆப்ப சோடா குடித்து ஓடியதில் மிச்சமான ஐந்து வினாடி

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகைக் கடையில் கால் கிலோ ஆப்ப சோடா கேட்டதும் அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்து, "என்ன தம்பி, ஆப்பக்கடை எதுவும் போடப் போறீங்களா?" என்றார். குடித்துவிட்டு ஓடுவதற்கு என்று சொல்ல வாய் வரவில்லை, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

இதற்குக் காரணம் என் அக்கா மகன். போலீஸ் வேலைக்குப் படிக்கிறான். காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும், இவன் 7 நிமிடம் 10 வினாடியிலேயே நின்றுகொண்டிருந்தான். ஒருநாள் போனைக் காட்டி, "மாமா, சோடா உப்பு குடிச்சா கால் கடுக்காதாமே, குடிக்கவா?" என்றான். இரு மாப்ள, முதலில் நான் குடித்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு 39 வயது, 72 கிலோ, பள்ளிக்கூடத்தில் 1500 ஓடியவன், இப்போதும் வாரத்துக்கு நாலு நாள் ஓடுகிறேன். ஆக, ஒரே பொருளை இரண்டு முறை இரண்டு விதமாகச் சாப்பிட்டு ஓடிப் பார்த்தவனின் விமர்சனம் இது.

முதலில் ஒன்று. இது ஏதோ வாட்ஸ்அப் வைத்தியம் என்றுதான் நானும் நினைத்தேன், அப்படி இல்லை. 1931-லேயே அமெரிக்காவில் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். 2018-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி வெளியிட்ட அறிக்கையில், விளையாட்டுத் திறனுக்கு நேரடியாக உதவும் என்று ஆதாரம் இருக்கிற சப்ளிமெண்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான்: காஃபின், கிரியாட்டின், நைட்ரேட், பீட்டா அலனின், அப்புறம் சோடியம் பைகார்பனேட், அதாவது நம்ம ஆப்ப சோடா. ஜிம் வாசலில் டப்பா டப்பாவாக விற்கிறார்களே, அதில் முக்கால்வாசி இந்தப் பட்டியலில் கிடையாது. ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் சோடா இல்லை. குதிரைப் பந்தயத்தில்தான் தடை. குழாய் போட்டுக் குதிரையின் வயிற்றுக்குள் சோடாக் கரைசலை இறக்குகிற ஒரு திருட்டுத்தனம் அங்கே உண்டு, அதற்கு 'மில்க்‌ஷேக்' என்று பெயர் வேறு. (ரேக்ளா மாடு வைத்திருக்கிற யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து அதற்குக் கொடுத்துவிடாதீர்கள்.)

வேலை செய்கிற விதம் எளிமையானது. 1500 மீட்டர் என்றால் மூன்றே முக்கால் சுற்று. மூன்றாவது சுற்றின் வளைவில் தொடை கல்லாகக் கனக்குமே, அந்த நேரத்தில் தசைக்குள் அமிலத்தன்மை ஏறிக்கொண்டிருக்கிறது. நம் ரத்தத்தில் இயல்பாகவே பைகார்பனேட் இருக்கிறது, தசையிலிருந்து வெளியே வரும் அமிலத்தைப் பிடித்து கார்பன் டை ஆக்சைடாக்கி மூச்சில் வெளியேற்றுவது அதன் வேலை. வெளியிலிருந்து சோடாவைக் கொடுத்து ரத்தத்தில் அதன் அளவைக் கூட்டினால் தசையிலிருந்து அமிலம் இன்னும் சுறுசுறுப்பாக வெளியே வருகிறது, கால் கொஞ்சம் தாமதமாகக் கல்லாகிறது. அவ்வளவுதான். அதனால் அரை நிமிடத்திலிருந்து சுமார் 12 நிமிடம் வரை உயிரைக் கொடுத்துச் செய்கிற வேலைகளுக்குத்தான் இது உதவும். 400, 800, 1500, நீச்சல், படகு, குத்துச்சண்டை போன்றவை. அரை மாரத்தானுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, 100 மீட்டருக்கும் அப்படித்தான். கபடிக்காரர்கள் கேட்கிறார்கள், ரெய்டு மேல் ரெய்டு போகிறவனுக்கு உதவலாம் என்பது என் ஊகம் மட்டுமே.

சரி, அளவு. உடல் எடையில் கிலோவுக்கு 0.2 முதல் 0.3 கிராம், ஓட்டத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் முன்னால். எனக்கு 0.3 என்றால் 21.6 கிராம். நாலரை டீஸ்பூன்! வீட்டில் இதைப் பார்த்துவிட்டு, "ஆப்பத்துக்குப் போடுறது ஒரு சிட்டிகை, நீங்க தெருவுக்கே மாவு கரைக்கிற மாதிரி கரைக்கிறீங்க" என்று சொன்னது தப்பே இல்லை.

முதல் முறை வெறும் வயிற்றில், அரை லிட்டர் தண்ணீரில் மொத்தத்தையும் கலக்கி ஒரே மூச்சாகக் குடித்தேன். உப்புக் கரிப்பும் சோப்புத் தண்ணீரும் கலந்த ருசி, கடைசி வாயில் அடியில் கரையாமல் கிடந்த தூள் பல்லில் நறநறத்தது. அரை மணி நேரத்தில் பஜ்ஜி மாவில் நடக்கிறது வயிற்றுக்குள் நடந்தது. சோடாவும் வயிற்று அமிலமும் சேர்ந்தால் வாயு வராமல் என்ன வரும்? முதலில் ஏப்பம், அப்புறம் குமட்டல், அப்புறம் சொல்ல வேண்டாம், மைதானத்தில் ஓடியது இரண்டு சுற்று, கழிப்பறைக்கு ஓடியது மூன்று தடவை. அதில் ஒரு தடவை என் வாழ்க்கையிலேயே வேகமான 100 மீட்டராக இருந்திருக்கும், யாரும் நேரம் குறிக்கவில்லை.

பத்து நாள் கழித்து இரண்டாவது முறை. இந்தத் தடவை அளவைக் கிலோவுக்கு 0.2 ஆகக் குறைத்து, சின்ன டிஜிட்டல் தராசில் 14.4 கிராம் நிறுத்து, மூன்று பங்காகப் பிரித்துக்கொண்டேன். காலை ஆறரைக்கு ஓட்டம் என்பதால் நாலு மணிக்கு எழுந்து மூன்று இட்லி, ஒரு வாழைப்பழம், அதோடு முதல் பங்கு, அப்புறம் அரை மணிக்கு ஒரு பங்கு, ஒவ்வொன்றுக்கும் நிறைய தண்ணீர். கொஞ்சம் சோறோ இட்லியோ உள்ளே இருந்தால் வயிறு அடங்குகிறது, அது உண்மை. வயிறு லேசாக உப்பியிருந்தது, தாகம் அதிகம், மற்றபடி பிழைத்தேன். ஓடியது ரேஸ்கோர்ஸ் மைதானத்தில், சக்கிமங்கலத்துப் பெண் ரேவதி வீரமணி பயிற்சி எடுத்து டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டம் வரைக்கும் போன அதே மைதானம் (அதை நினைத்தாலே எனக்கு இரண்டு வினாடி குறையும்). சோடா இல்லாமல் அந்த மாதம் என் நல்ல நேரம் 5 நிமிடம் 52 வினாடி. அன்றைக்கு 5:47. மூன்றாவது சுற்றில் கால் கொஞ்சம் லேசாக இருந்தது போலத்தான் தோன்றியது. ஆனால் நான் சோடா குடித்தது எனக்கே தெரியும், அதனால் அந்த ஐந்து வினாடியில் எவ்வளவு சோடா, எவ்வளவு மனசு என்று பிரிக்க முடியாது. ஆய்வுகளிலும் பலன் ஒன்றிரண்டு சதவீதம் என்கிற கணக்கில்தான் வருகிறது, சிலருக்கு ஒன்றுமே இல்லை.

இப்போது வயிற்றைவிடப் பெரிய விஷயம். சமையல் சோடாவில் எடைக்கு 27 சதவீதம் சோடியம். நான் இரண்டாவது முறை எடுத்த குறைந்த அளவிலேயே கிட்டத்தட்ட 4 கிராம். ஒரு நாளைக்கு 2 கிராமுக்குள் இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதாவது இரண்டு நாள் கணக்கு ஒரே காலையில் முடிந்தது. முழு அளவென்றால் மூன்று நாள் கணக்கு. பிரஷர், சிறுநீரகம், இதயம், இதில் எதில் தொந்தரவு இருந்தாலும் இந்தப் பக்கமே வராதீர்கள். இன்னொன்று, பிரியாணியை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அதன்மேல் சோடாவைக் குடித்து வயிறே கிழிந்துபோன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. பிரியாணி என்பது என் சேர்க்கை, கிழிந்தது நிஜம்.

வாங்குவது பற்றி. நான் முதலில் வாங்கியது போல உதிரியாக வாங்காதீர்கள். அதே கடையில் சலவை சோடாவும் அதே வெள்ளை நிறத்தில் பக்கத்துச் சாக்கில் இருந்தது, அது சோடியம் கார்பனேட், உள்ளே போனால் தொண்டையையும் வயிற்றையும் புண்ணாக்கிவிடும். ஒட்டிய பாக்கெட்டில் 'சோடியம் பைகார்பனேட்', உணவுக்கானது என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து எடுங்கள். பேக்கிங் பவுடர் வேறு, அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். ஈனோவும் ஆகாது, அதில் சிட்ரிக் அமிலம் சேர்ந்து சோடா டம்ளரிலேயே பொங்கித் தீர்ந்துவிடும். கோலி சோடாவைக் குடித்துவிட்டு ஓடலாமா என்று ஒருவர் கேட்டார், அது வெறும் வாயு ஏற்றிய தண்ணீர் அண்ணே.

வெளிநாட்டு வீரர்கள் இப்போது மார்டென் என்கிற ஸ்வீடன் கம்பெனியின் பொருளை எடுக்கிறார்கள். இதே சோடாவைக் குட்டி மாத்திரையாக்கி வழுவழுப்பான ஜெல்லில் கலந்து கரண்டியால் விழுங்குவது, வயிற்றில் அதிகம் கரையாமல் குடலுக்குப் போய்ச் சேரட்டும் என்பது யோசனை. ஒரு வேளைக்கே ஆயிரம் ரூபாய்க்கு மேல். நான் வாங்கவில்லை, என் 5:47-க்கு அது அநியாயம்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டரை. மாவட்ட அளவில் 800 ஓடி ஒரு வினாடியில் பதக்கம் தவறுகிறவன், பயிற்சி நாளில் கால் பங்கு அளவில் ஆரம்பித்து, கோச்சிடம் சொல்லிவிட்டுப் பார்க்கலாம். போட்டி நாளில் முதல் தடவையாகக் குடிக்கவே கூடாது.

அக்கா மகனுக்கு நான் கொடுக்கவில்லை. அவன் ஓடுவதை வீடியோ எடுத்துப் பார்த்தால், முதல் சுற்றை 95 வினாடியில் பறந்துவிட்டு மூன்றாவது சுற்றில் நடக்காத குறையாக வருகிறான். முதல் சுற்றை 110-ல் பிடித்து ஓடச் சொன்னேன். மூன்றாவது வாரம் 6:54.