நடுப்பத்தியோடு ஒரு வேதாகமம்: மூன்றாண்டு உபயோகத்துக்குப் பின்

மூன்றாண்டுகளாக நான் தினமும் வாசித்து வருவது, ஒத்த வசனங்கள் நடுப்பத்தியில் அச்சிடப்பட்ட தமிழ் வேதாகமம். எங்கள் சபையில் எல்லோரும் அதை ‘ரெஃபரன்ஸ் பைபிள்’ என்றே சொல்வார்கள். ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் உழைப்பால் 1871-இல் வெளிவந்து, இன்றும் பெரும்பாலான புராட்டஸ்டண்டு சபைகளின் பிரசங்க பீடத்தில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்புதான் இதிலும் உள்ளது. வசனத்துக்குள் ஒரு பொடி எழுத்து இருக்கும். நடுப்பத்தியில் அதே எழுத்தைத் தேடினால், அதற்கு நேராக வேறு வசனங்களின் எண்கள் இருக்கும். விளக்கவுரை ஒரு வரிகூடக் கிடையாது. வாங்கிய நாளில் இதைக் குறையென்று நினைத்த நான், இன்று இந்தப் பதிப்பின் பலமே இதுதான் என்று எண்ணுகிறேன்.

காரணம், வெள்ளிக்கிழமை வீட்டு வேதபாடத்தில் நடந்த ஒன்று. மகனுக்கு வேலை கிடைக்கவேண்டுமென்று நெடுநாளாக ஜெபித்துவந்த அக்கா ஒருவர், புதுவருஷ ஆராதனையில் தமக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையை, அதாவது தேவனுடைய வாக்காக ஒரு வசனம் அச்சிட்ட அட்டையை, கொண்டுவந்தார். அதில் எரேமியா 29:11 இருந்தது; “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்னும் அந்த வசனத்தை அறியாத கிறிஸ்தவ வீடு இருக்காது. “தம்பி, இது நமக்குக் கொடுத்த வாக்குத்தானே?” என்று கேட்டார். அட்டையை வைத்துக்கொண்டு ஆமென் சொல்லிவிடுவது எளிது. ஆனால் வேதாகமத்தைத் திறந்ததும், முந்தின வசனத்திலேயே பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறவேண்டும் என்று இருப்பது கண்ணில் பட்டது. அதற்கும் மேலே, சிறைப்பட்டுப்போன யூத ஜனங்கள் அந்நிய மண்ணிலேயே வீடுகளைக் கட்டித் தோட்டங்களை நாட்டவேண்டும் என்றும், தங்களைச் சிறைப்பிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம்பண்ணவேண்டும் என்றும் கட்டளை இருக்கிறது. வாக்குத்தத்தம் அந்தக் கட்டளைகளுக்குப் பிறகுதான் வருகிறது. அட்டையில் அவற்றுக்கு இடமில்லை.

‘எழுபது வருஷம்’ என்பதன் ஒத்த வசனங்களில் ஒன்று தானியேல் 9:2. எரேமியா தீர்க்கதரிசி சொன்ன வருஷங்களின் தொகையை, அந்தச் சிறையிருப்பில் இருந்த தானியேல், புஸ்தகங்களால் அறிந்துகொள்கிறான். நாம் எல்லோரும் செய்கிற வேத வாசிப்பைத்தான் அவனும் செய்கிறான். நாட்கள் நிறைவேறப்போகிறது என்று தெரிந்ததும் அவன் நிம்மதியாகக் காத்திருக்கவில்லை. உபவாசம்பண்ணி, இரட்டிலும் (துக்கத்துக்கு உடுத்தும் முரட்டுத் துணி) சாம்பலிலும் உட்கார்ந்து, தன் ஜனத்தின் பாவத்தை அறிக்கையிடுகிறான். வாக்குத்தத்தத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒருவன் என்ன செய்வான் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கவுரையை நான் வாசித்ததில்லை. அந்த அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ காத்திருக்கிற காலத்துக்கும் வேலை கொடுத்திருக்கிறார்” என்றார்.

தானியேல் அறிக்கையிடும் பாவம், கர்த்தருடைய சத்தத்துக்குச் செவிகொடாமற்போனது. சவுல் ராஜாவிடம் சாமுவேல் தீர்க்கதரிசி சொன்ன, “பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்” என்ற வசனம் இங்கே நினைவுக்கு வராமல் இருக்காது. சாமுவேல் சொன்ன கீழ்ப்படிதலுக்கும், தானியேல் சொன்ன செவிகொடுத்தலுக்கும், “இஸ்ரவேலே, கேள்” என்னும் உபாகமம் 6:4-இன் ‘கேள்’ என்பதற்கும் எபிரெயத்தில் வினைச்சொல் ஒன்றே. இதைப் புரிந்துகொள்ளத் தமிழருக்கு எபிரெயம் தெரியவேண்டியதில்லை. அடங்காத பிள்ளையைப் பார்த்து ‘சொன்ன பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறான்’ என்று எந்தத் தாயும் சொல்வதுதான். ஆயினும் இந்தச் சொல்லுறவு நடுப்பத்தியில் தெரிவதில்லை. வசனத்தையும் வசனத்தையும் அது இணைக்கும்; மூலச்சொல்லைக் காட்டாது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மத்தேயு 28:19-இல் “சகல ஜாதிகளையும்” என்று வருகிறது. கிரேக்க மூலம் சொல்வது இனங்களை, ஜனக்கூட்டங்களை. ஆனால் இன்றைய தமிழ் வாசகரின் காதில் ‘ஜாதி’ என்ற சொல் வேறொன்றாகத்தான் விழும். 1995-இல் வெளியான திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு அதே இடத்தில் ‘எல்லா மக்களினத்தாரையும்’ என்று தெளிவாகச் சொல்கிறது. சாதி இன்னும் கல்லறைவரை பின்தொடரும் நம் சபைகளில், இந்த ஒரு சொல்லுக்காவது அடிக்குறிப்பு போட்டிருக்கவேண்டும் என்று மனவருத்தத்தோடு எழுதுகிறேன். ‘நிணம்’ என்றால் கொழுப்பு என்பதும் இளையோருக்குத் தெரிவதில்லை. பின்பக்கங்களில் அருஞ்சொல் அகராதி இருந்திருந்தால் உதவியாக இருந்திருக்கும்.

அச்சைப் பொறுத்தவரை, வசனங்களின் எழுத்து தெளிவாக இருக்கிறது. நடுப்பத்தி மட்டும் ஐம்பதைக் கடந்த கண்களுக்குப் பெரும் சோதனை. தாள் மெல்லியது, பேனாவால் கோடிட்டால் மறுபக்கத்தில் தெரிகிறது, ஆகவே பென்சிலே நல்லது. என் பிரதியில் தையல் இன்னும் விடவில்லை, ஜிப் மட்டும் இரண்டாம் வருஷத்திலேயே போய்விட்டது.

முதன்முதலாக வேதாகமம் வாசிக்கத் தொடங்குகிறவருக்கு நான் பொது மொழிபெயர்ப்பையே கொடுப்பேன். வேதபாடம் நடத்துகிறவர்களும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் இதை வாங்கலாம். ஆனால் பெரிய அளவுப் பதிப்பாகக் கேட்டு, கடையிலேயே நடுப்பத்தியை ஒருமுறை வாசித்துப் பார்த்து வாங்குங்கள்.