இருமலோடு போன பிள்ளைக்கு டைபாய்டு ஊசி: பெற்றோர் கவனத்துக்கு

என் மகளுக்கு எட்டு வயது. போன மாதம் ஒரு திங்கட்கிழமை தலைவலி என்று சொல்லிக்கொண்டே பள்ளியிலிருந்து வந்தாள். மறுநாள் தொண்டை வலி, 101 காய்ச்சல். மூன்றாம் நாள் வறட்டு இருமல். மூக்கு ஒழுகவில்லை, சளியும் வரவில்லை. பகலில் தம்பியோடு விளையாடிக்கொண்டுதான் இருந்தாள். படுத்தால்தான் இருமல் பிடித்துக்கொள்ளும், இருமி இருமி வாந்தி எடுப்பாள்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தனியார் கிளினிக்குக்குப் போனோம். அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்தார்கள். நாலு நாள் கொடுத்தும் இருமல் கூடியதே தவிர குறையவில்லை. திரும்பப் போனதும் கீழ்த்தளத்தில் இருக்கும் அவர்களுடைய லேபிலேயே விடால் என்ற டைபாய்டு பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து, "விடால் பாசிட்டிவ். பாப்பாவுக்கு டைபாய்டு, அட்மிட் பண்ணிடுங்கம்மா" என்றார்கள்.

"இவளுக்கு இருமல்தானே டாக்டர் பெரிசா இருக்கு?" என்று கேட்டேன். "டைபாய்டுலயும் இருமல் வரும்மா" என்றார். நம்பினேன்.

ஐந்து நாள். கையில் மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் குழாய், வேளை தவறாமல் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி, ட்ரிப்ஸ். அத்தனை நாளில் ஒரு தடவைகூட அவள் முதுகில் யாரும் ஸ்டெதஸ்கோப் வைக்கவில்லை. எனக்கு ஆறாதது இதுதான். எக்ஸ்ரே எடுக்கவில்லை. பில் 17,500 ரூபாய். டிஸ்சார்ஜ் சம்மரி கேட்டதற்கு, "காய்ச்சல் வந்தா திரும்பக் கூட்டிட்டு வாங்க, போதும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே மறுபடி காய்ச்சல். படி ஏறினாலே மூச்சு வாங்கியது. மறுநாள் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு ஓடினோம். அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் செய்தது, சட்டையைத் தூக்கி முதுகில் வைத்துக் கேட்டதுதான். வலது பக்கம் கீழே சத்தம் சரியில்லை, லேசாக வீசிங்கும் இருக்கிறது என்றார். எக்ஸ்ரேயில் அந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் 95 சதவீதம். "ஸ்கூல் வேன்ல வேற யாருக்காவது இந்த மாதிரி இருமல் இருக்காம்மா?" என்று கேட்டார். இரண்டு பிள்ளைகளுக்கு இருந்தது.

மைகோபிளாஸ்மா என்ற கிருமியால் நுரையீரலில் வரும் நிமோனியாவாக இருக்கும் என்றார். ஐந்து வயதுக்கு மேல், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு அதிகம் வருவது. மெதுவாகத் தொடங்கும், பிள்ளை நடமாடிக்கொண்டே இருக்கும், ஆளைப் பார்த்தால் தெரியாத அளவுக்கு எக்ஸ்ரேயில் நெஞ்சு கெட்டிருக்கும். 2023 கடைசியில் சீனாவில் குழந்தைகள் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்ததற்கு ஒரு காரணம் இந்தக் கிருமிதான்.

அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. அமாக்சிசிலினும் செஃப்ட்ரியாக்சோனும் கிருமியின் செல் சுவரைக் கட்டவிடாமல் தடுத்துத்தான் அதைக் கொல்லும். மைகோபிளாஸ்மாவுக்கு அந்தச் சுவரே கிடையாது. ஆக என் பிள்ளைக்கு ஏற்றிய ஊசி அத்தனையும் இந்தக் கிருமிக்குக் கடலில் கரைத்த பெருங்காயம். விடால் பற்றியும் கேட்டேன். டைபாய்டு பரவலாக இருக்கும் நம் ஊரில் நன்றாக இருப்பவர்களுக்கே அது லேசாகப் பாசிட்டிவ் காட்டும், டைபாய்டு என்று சந்தேகம் வந்தால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, எடுத்திருக்க வேண்டும் என்றார்.

இந்தக் கிருமிக்குக் கேட்கும் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. இருமல் முழுதாக அடங்க மூன்று வாரம் ஆனது. அது அப்படித்தான் இழுக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார். உதடு, வாயில் புண், கண் சிவப்பு, உடம்பில் தடிப்பு எது வந்தாலும் உடனே கூட்டி வரச் சொன்னார். இந்தக் கிருமி சில பிள்ளைகளுக்குத் தோலையும் பாதிக்குமாம்.

இதைப் படித்துவிட்டு மெடிக்கலில் நீங்களாகவே அசித்ரோமைசின் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலான இருமல் வைரஸால் வருவது, அதற்கு அது வேண்டாம். அசித்ரோமைசினுக்குக் கேட்காத மைகோபிளாஸ்மாவும் இருக்கிறது. ஆனால் ஆன்டிபயாடிக் கொடுத்தும் இருமல் ஏறிக்கொண்டே போனால், "நெஞ்சைக் கேட்டுப் பாருங்க டாக்டர்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பில்லையும் ரிப்போர்ட்டையும் சம்மரியையும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

இந்தக் கிருமி தொற்றி ஒன்று முதல் நான்கு வாரத்தில்தான் வெளியே தெரியும். நாலு வயதுச் சின்னவனுக்கு முந்தாநாள் இருமல் தொடங்கியிருக்கிறது. அதே டாக்டரம்மாவிடம் காட்டினோம். நெஞ்சு இப்போதைக்குச் சுத்தமாக இருக்கிறது, மருந்து வேண்டாம், தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள், நிமிடத்துக்கு 40-ஐத் தொட்டாலோ விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ உடனே வாருங்கள் என்றார். நேற்று ராத்திரி மூன்று தடவை எண்ணினேன். 26, 28, 26.