பார்ட்னர் போட்ட கவுண்டர் கிளைமும் ராமநாதபுரத்து வக்கீல் ஆபீஸும்

மண்டபம் பக்கம் நண்டும் மீனும் வாங்கி கம்பெனிக்கு ஏற்றிவிடும் வாடி ஒன்றை இரண்டு பேர் சேர்ந்து நடத்தினோம், அது உடைந்தது, கணக்கு முடித்துத் தரச் சொல்லி ராமநாதபுரம் சப் கோர்ட்டில் வழக்குப் போட்டேன், பார்ட்னர் பதிலுரையோடு சேர்த்து என் மேலேயே கவுண்டர் கிளைம், அதாவது அதே வழக்கில் எனக்கு எதிராக ஒரு கோரிக்கை, போட்டுவிட்டார். விசாரணை தொடங்குவதற்கு முன்பே அதை எதிர்த்து நின்ற வக்கீல் ஆபீஸைப் பற்றித்தான் இந்த விமர்சனம். பெயர் போடவில்லை. வக்கீல்கள் விளம்பரம் தேடக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி 36, என் எழுத்தால் அவருக்கு எந்தச் சிக்கலும் வரவேண்டாம். ஆனாலும் ஐஸ், கருவாடு, படகு என்று எங்கள் கடற்கரையில் எத்தனையோ கூட்டுத் தொழில் பதிவே இல்லாமல் வெறும் பத்திரத்தில் ஓடுகிறது, அதனால் நல்ல ஆபீஸ் எப்படி வேலை செய்யும் என்று தெரிந்துகொள்வது நம் ஆட்களுக்குக் கட்டாயம் உதவும்.

பார்ட்னர் கேட்டது மூன்று. ஒப்பந்தத்தில் எழுதியபடி மாதச் சம்பளப் பாக்கி. மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, படகுகளுக்கு நான் கொடுத்த முன்பணம் திரும்பாததால் வந்ததாகச் சொல்லும் நட்டம். மூன்றாவது, உச்சிப்புளி பக்கம் என் அண்ணன் பெயரில் இருக்கும் இடத்துக்கு அவர் கொடுத்ததாகச் சொல்லும் அட்வான்ஸ். கூட்டினால் நான் கேட்டதைவிட அதிகம் வந்தது. வீட்டில் எல்லோரும் பயந்துபோய், வழக்கை வாபஸ் வாங்கு, தானாக எல்லாம் முடிந்துவிடும் என்றார்கள்.

வக்கீல் முதலில் உடைத்தது இதைத்தான். "தம்பி, நீங்க வாபஸ் வாங்கினாலும் அவர் போட்டது அப்படியே நடக்கும்" என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 8-ஐத் திறந்து விதி 6டி-யைக் காட்டினார். கவுண்டர் கிளைம் ஒரு தனிப் பிராது (வழக்கு மனு) மாதிரி, அதற்கு நாம் பதிலுரை போடாவிட்டால் நமக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்லலாம் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பதிலுரைக்கு வேண்டிய சிட்டை, பேரேடு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் அவரே உட்கார்ந்து பார்த்தார், ஜூனியரிடம் தள்ளிவிடவில்லை.

இதற்கு முன் விசாரித்த வேறொரு இடத்தில், பிராதையே நிராகரிக்கக் கேட்கும் ஆணை 7 விதி 11-ல் ஒரு மனு போட்டு மொத்தத்தையும் தூக்கிவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இவர் முடியாது என்றார். அந்த மனுவில் எதிராளி எழுதியிருப்பதை மட்டும்தான் நீதிபதி பார்ப்பார், நம் பக்கத்துப் பதிலையோ ஆதாரத்தையோ பார்க்கமாட்டார், அதோடு பிராதைப் பாதியாக வெட்டி நிராகரிக்கவும் முடியாது, படகு முன்பணம் கணக்கோடு சேர்ந்த விஷயம் என்பதால் அது ஒன்று நின்றாலே மனு தள்ளுபடி ஆகிவிடும் என்றார். நம்மிடம் ஃபீஸ் வாங்க அந்த மனுவை அவரும் போட்டிருக்கலாம். போடாததுதான் எனக்கு நம்பிக்கை கொடுத்தது.

அதற்குப் பதில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்தார். கவுண்டர் கிளைமுக்கும் பிராதைப் போலவே கோர்ட் ஃபீஸ் கட்டவேண்டும், பணம் கேட்டால் தமிழ்நாட்டில் 2017 திருத்தத்துக்குப் பிறகு 3 சதவீதம். பார்ட்னர் சம்பளத்துக்கு மட்டும் கட்டியிருந்தார். இதை எழுப்பியதும் கோர்ட் அவருக்கு அவகாசம் கொடுத்தது, அவரோ நட்டத் தொகையைத் திருத்திக் குறைத்துக்கொண்டு மீதிக்குக் கட்டினார்.

இட அட்வான்ஸுக்கு விதி 6சி, அதாவது இதைத் தனி வழக்காகப் போடட்டும், இங்கிருந்து விலக்குங்கள் என்று கேட்கும் மனு. எழுவினா, அதாவது கோர்ட் தீர்மானிக்கவேண்டிய கேள்விகள், வனைவதற்கு முன்பே இதைப் போட்டாகவேண்டும், வாய்தா வாய்தாவாக விட்டால் வாய்ப்புப் போய்விடும். தொழிலுக்குச் சம்பந்தம் இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது, வேறு விவகாரத்தையும் கவுண்டர் கிளைமாகக் கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது என்று முன்கூட்டியே எச்சரித்தார். அவர் பிடித்த பிடி வேறு: இடம் அண்ணன் பெயரில், அண்ணன் வழக்கிலேயே இல்லை, கவுண்டர் கிளைமோ வழக்குப் போட்ட வாதியான என் மேல்தான் வரமுடியும். கோர்ட் அதை ஏற்று அந்தப் பகுதியை விலக்கியது. எங்கள் வீட்டில் அன்றுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

சம்பளத்துக்கு எடுத்தது 1932 கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு. எங்கள் ஃபர்ம் பதிவு செய்யாதது. அப்படிப்பட்ட ஃபர்மின் பார்ட்னர் ஒப்பந்தத்தை வைத்து இன்னொரு பார்ட்னர் மேல் வழக்குப் போடமுடியாது, ஆனால் கலைந்த ஃபர்முக்குக் கணக்குக் கேட்கலாம், அதனால் என் வழக்கு நிற்கும். இதை இப்போதே முடிக்க கோர்ட் சம்மதிக்கவில்லை, எழுவினாவாகச் சேர்த்திருக்கிறார்கள். இப்படித்தான் ஆகும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஜெயித்தாலும் கணக்குப் பார்க்கும்போது சம்பளப் பேச்சு திரும்ப வரலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. சாயங்காலம் போன் எடுக்கமாட்டார்கள், வாய்தா தேதியைக் குமாஸ்தாவிடம் நாமே கேட்டு வாங்கவேண்டும். நகல் செலவுக்கு விவரம் எழுதிக் கொடுப்பதில்லை, கேட்டால் முகம் மாறுகிறது. பாம்பன், தங்கச்சிமடத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களை மணிக்கணக்கில் உட்காரவைப்பது நியாயமே இல்லை, இதை நேரிலும் சொல்லிவிட்டேன். ஃபீஸ் குறைவு என்று சொல்லமுடியாது, ஆனால் வழக்குக்கு எவ்வளவு, ஒவ்வொரு இடைமனுவுக்கும் எவ்வளவு என்று முதலிலேயே சொன்னார், நடுவில் ஏற்றவில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். கூட்டுத் தொழில் வழக்கோடு எந்த ஆபீஸுக்குப் போனாலும் ஒப்பந்தப் பத்திரம், ஃபர்ம் பதிவு உண்டா இல்லையா என்ற விவரம், கலைப்பதாக நோட்டீஸ் கொடுத்த தேதி, இந்த மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். கணக்குக் கேட்க ஃபர்ம் கலைந்த நாளிலிருந்து 3 வருடம்தான் காலக்கெடு, அந்தத் தேதியைத்தான் அவர் முதல் நாளே கேட்டார்.