யான்மார் 2ஜிஎம்20: ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் பழைய படகு என்ஜின்

சுமார் முப்பதடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகுகளை விலைக்குப் பார்க்கிறவர்கள், ஜப்பானின் யான்மார் நிறுவனத்தின் இந்த டீசல் என்ஜினை அடிக்கடி சந்திப்பார்கள். கேபினுக்குள் இறங்கும் படிக்கட்டைக் கழற்றினால் பின்னால் வெள்ளி கலந்த சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருக்கும். இரண்டு சிலிண்டர், 636 சிசி. தொடர்ந்து ஓட்ட 3400 ஆர்பிஎம்மில் 16 குதிரைத்திறன், ஒரு மணி நேர உச்சமாக 3600-இல் 18. பெயருக்குப் பின்னால் ‘எஃப்’ இருந்தால் உள்ளே நன்னீர் சுற்றும். இல்லாவிட்டால் கடல்நீரே பிளாக்குக்குள் போய்வரும். 1980-களில் பரவிய ஜிஎம் வரிசை இது. இன்றும் ஆயிரக்கணக்கில் ஓடுகிறது, உதிரிபாகமும் கிடைக்கிறது. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம். அந்த ஒரு மதிப்பெண் எங்கே போனது என்பதுதான் இந்த விமர்சனம்.

இதில் சிலிண்டரை முன்கூட்டிச் சூடேற்றும் குளோ பிளக் கிடையாது. காற்றை 23 மடங்கு அழுத்தும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவருக்குப் போய்விடும். பிஸ்டன் ரிங் வழியே காற்றும் கசியும். ஆகவே ஸ்டார்ட்டர் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை முதலில் காதால் கேளுங்கள். சோம்பலாகச் சுற்றினால் கோளாறு கரண்டில். விறுவிறுவென்று சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் டீசலில். இதைப் பிரித்துப் பார்க்காமல் இன்ஜெக்டரைக் கழற்றுவது காசுக்குக் கேடு.

கிணற்றுமேட்டில் டீசல் பம்ப்செட்டைக் கைப்பிடி போட்டுச் சுற்றியவர்களுக்கு டீகம்ப்ரஷன் லீவரை, அதாவது வால்வைத் திறந்துவைத்து அழுத்தத்தை விடுவிக்கும் லீவரை, சொல்லித் தரத் தேவையில்லை. இங்கே சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு லீவர், வால்வு மூடிமேல் இருக்கும். பேட்டரி சோர்ந்திருந்தால் இரண்டையும் தூக்கிவிட்டு, திராட்டிலை முழுக்கத் திறந்து, சுழற்சி வேகம் பிடித்ததும் ஒவ்வொன்றாக விடுங்கள். ஓடுகிற என்ஜினை நிறுத்த மட்டும் இந்த லீவரைத் தொடாதீர்கள், வால்வுக்கு ஆபத்து. நிறுத்துவதற்குத் தனிக் குமிழ் உண்டு. அந்தக் குமிழை நிறுத்தியபின் திரும்ப உள்ளே தள்ள மறந்தால், மறுநாள் என்ன சுற்றினாலும் பம்ப் டீசல் தராது. சிரிப்பாகத் தோன்றும், ஆனால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கரண்ட் பக்கம் இந்த என்ஜினின் நிஜமான பலவீனம், ஸ்டார்ட் பட்டனிலிருந்து சொலினாய்டுக்கு (ஸ்டார்ட்டரின் மின்காந்த சுவிட்ச்) வரும் ஒயர். பேனல்வரை நீண்டு போய், நடுவில் பிளாஸ்டிக் பிளக் வழியாகத் திரும்பி வருகிறது. உப்புக் காற்றில் அந்தப் பிளக்கின் பின்கள் பச்சை பூத்துவிடும். பட்டனை அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அல்லது அதுவும் இல்லை. பத்தாவது முறை அழுத்தும்போது எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். உடனே ஸ்டார்ட்டர் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

தீர்வு ஒரு 40 ஆம்பியர் கார் ரிலே: சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச். அதன் முனைகளில் 30, 85, 86, 87 என்று எண் இருக்கும். சொலினாய்டின் சின்ன முனையில் இருக்கும் ஒயரைக் கழற்றி ரிலேயின் 86-இல் மாட்டுங்கள். 85-ஐ என்ஜின் பிளாக்கில் எர்த் செய்யுங்கள். ஸ்டார்ட்டரின் பெரிய பாசிட்டிவ் போல்ட்டிலிருந்து தடித்த ஒயர் ஒன்று, ஃபியூஸ் வழியாக 30-க்கு. 87-லிருந்து சொலினாய்டின் சின்ன முனைக்கு. அரை மணி நேர வேலை. படகை வாங்கிய அன்றே செய்துவிடலாம்.

ரிலே போட்டும் சோம்பல் போகவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போதே பேட்டரி முனைகளில் அளக்க வேண்டும். 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைப் பாருங்கள். பேட்டரி நன்றாக இருந்தால், அதன் நெகட்டிவ் முனையிலிருந்து என்ஜின் பிளாக்குக்கும், பாசிட்டிவிலிருந்து ஸ்டார்ட்டர் போல்ட்டுக்கும், ஸ்டார்ட்டர் சுற்றும்போதே தனித்தனியே அளந்து பாருங்கள். எதில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதோ அந்தக் கேபிளில்தான் துரு. பெரும்பாலும் எர்த் பக்கம்.

இனி டீசல். சுற்றும்போது எக்ஸாஸ்டில் புகையே வராவிட்டால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. காலையில் ஸ்டார்ட் ஆகி, பத்து விநாடி ஓடி, இருமி நின்றால் காற்று நுழைந்திருக்கிறது. டாங்கிலிருந்து ஃபீட் பம்ப்வரை உள்ள குழாய் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். துணியால் துடைத்துக் கசிவு தேடினால் ஒன்றும் அகப்படாது. சுத்தமான டீசல் கேன் ஒன்றை என்ஜினுக்கு மேலே கட்டி, குழாயை நேராக ஃபீட் பம்பில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். சீராக ஓடினால் குற்றவாளி டாங்க் பக்கம்: முதல் ஃபில்டரின் மூடி ரப்பர், குழாய்க் கிளிப், அல்லது செப்பு வாஷர். பழைய செப்பு வாஷரையே திரும்பப் போடுவதானால் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டு இளக்கிப் போடுங்கள்.

காற்றை எடுக்கும்போது என்ஜின்மேல் உள்ள ஃபில்டரின் தலைப் போல்ட்டைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கை லீவரை அடியுங்கள். லீவர் தொளதொளவென்று பிடிமானம் இல்லாமல் இருந்தால் பம்ப் கெட்டதென்று நினைக்காதீர்கள். கேம் அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. என்ஜினை ஒரு சுற்று சுற்றினால் சரியாகும். குமிழி நின்றதும் அந்தப் போல்ட்டை இறுக்கிவிட்டு, இன்ஜெக்ஷன் பம்பின் போல்ட்டில் அதையே செய்யுங்கள். கடைசியில் 17 ஸ்பேனரால் இன்ஜெக்டர் நட்டுகளை ஒரு திருப்பு தளர்த்தி, டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, திராட்டில் முழுக்கத் திறந்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். டீசல் பீறிட்டதும் இறுக்குங்கள்.

இத்தனை நேரமும் கடல்நீர் வால்வு மூடியிருக்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். என்ஜின் ஓடாமல் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றும்போதும் தண்ணீர் பம்ப் வேலை செய்யும். ஆனால் அந்த நீரை வெளியே தள்ள எக்ஸாஸ்ட் அழுத்தம் இருக்காது. மஃப்ளர் நிரம்பி, நீர் பின்னோக்கி ஏறி சிலிண்டருக்குள் வரும். சுற்றிக்கொண்டிருந்த ஸ்டார்ட்டர் ‘தொப்’பென்று நின்றுவிடும். பேட்டரி தீர்ந்ததுபோலவே இருக்கும். வேறு பேட்டரி போட்டு முறுக்கினால் கனெக்டிங் ராட் வளையும். மொத்தமாக 30 விநாடிக்கு மேல் சுற்றப்போகிறீர்கள் என்றால் வால்வை மூடி, மஃப்ளரின் வடிகால் திருகையும் திறந்துவிடுங்கள். என்ஜின் பிடித்த கணமே வால்வைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும். சாவியை எடுத்து வால்வின் கைப்பிடியில் தொங்கவிடுவது நல்ல பழக்கம்.

கரண்டும் டீசலும் சரியாக இருந்தும் வெள்ளைப் புகை விட்டு அழுதால், அப்போதுதான் என்ஜினுக்குள் போக வேண்டும். குளிர்ந்த நிலையில் வால்வு இடைவெளி 0.2 மி.மீ. இருக்கிறதா பாருங்கள். இன்ஜெக்டர் சதுர செ.மீ.க்கு 170 கிலோ அழுத்தத்தில் திறக்கிறதா என்று டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் சோதித்துத் தருவார்கள். எக்ஸாஸ்ட் எல்போவை (புகை வெளியேறும் வளைகுழாய்) கழற்றிப் பார்த்தால் பாதித் துவாரம் கரியால் அடைந்திருக்கலாம். சட்டென்று பற்றவைக்க அடிக்கும் ஈதர் ஸ்ப்ரே மட்டும் வேண்டாம், ரிங் உடையும்.

வட ஐரோப்பாவில் ஜனவரி மாதம் இந்த என்ஜின் கொஞ்சம் முரண்டுபிடித்தால் மன்னிக்கலாம். லங்காவியிலோ திருகோணமலையிலோ 28 டிகிரிக் கடலில் மிதந்துகொண்டு முரண்டுபிடித்தால் குளிரைச் சாக்குச் சொல்ல முடியாது.

வாங்கப் போகிறவர்கள் ஸ்டார்ட் செய்யச் சொல்வதற்குமுன் பிளாக்கில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், “உங்களுக்காகத்தான் ஓட்டி வைத்தேன்” என்று விற்கிறவர் சொல்வார். நன்றி சொல்லிவிட்டு மறுநாள் விடிகாலையில் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள்.